ராஜபாளையம் நாய் ஓடும் வீட்டில் தோட்டம் போடுவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: செங்கோட்டைக்கும் புளியரைக்கும் நடுவே எட்டு சென்ட்டில் புது வீடு. ஒன்றரை வயதுப் பெட்டை ராஜபாளையம். ஒரே வருஷத்தில் இரண்டு முறை போட்ட புல்தரை வட்ட வட்டமாகக் கருகிவிட்டது, மதிலோரம் வைத்த குரோட்டன்ஸ் வரிசை மிதிபட்டுப் போய்விட்டது. இனி எந்தச் செடி வைத்தால் நாய் தொடாது என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், "தோட்டமா நாயா, ஒன்றை முடிவு பண்ணுங்கள்" என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. நாய் தொடாத செடி என்று ஒன்று கிடையாது. ஆனால் நாயும் கண்ணுக்கு நிறைவான தோட்டமும் ஒரே மதிலுக்குள் இருக்கத் தாராளமாக முடியும். செடி வாங்குவதற்கு முன்னால் இடத்தை எப்படிப் பிரிக்கிறோம் என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது.

நான் கால்நடை மருத்துவர். இந்த மலையடிவாரத்து அரசு மருந்தகங்களில் 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போதும் வீட்டில் பார்க்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்தும் நாய்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். தோட்டக்கலை நான் படித்தது இல்லை. விஷச் செடி, உண்ணி, புழு பற்றி நான் சொல்வது படிப்பையும் வேலையையும் வைத்துச் சொல்வது. தோட்ட அமைப்பு பற்றிச் சொல்வது என் வீட்டிலும் தெரிந்தவர்கள் வீட்டிலும் செய்து பார்த்தது மட்டும். இரண்டையும் ஒரே எடையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், இன்னும் பதினைந்து நாளைக்கு ஒரு செடியும் வாங்காதீர்கள். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், உங்கள் நாய் எங்கே நடக்கிறது, எங்கே ஓடுகிறது, எங்கே படுக்கிறது, எங்கே சிறுநீர் கழிக்கிறது என்று பாருங்கள். ஒரு தாளில் வீட்டையும் மதிலையும் வரைந்துகொண்டு அந்தத் தடத்தைக் கோடு போட்டு வாருங்கள். பத்து நாளில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அநேகமாக ஒரு கோடு மதிலை ஒட்டியே சுற்றி வரும், இன்னொன்று கேட்டிலிருந்து அடுக்களை வாசலுக்கு நேராகப் போகும். ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம். மதிலோரம் சுற்றி வருவது அதற்கு வேலை. உங்கள் குரோட்டன்ஸ் வரிசையை அது வேண்டுமென்று மிதிக்கவில்லை, அது நடக்கும் பாதையின் மேல் நீங்கள் செடியை வைத்துவிட்டீர்கள். இன்னும் பத்து முறை அங்கே வைத்தாலும் பத்து முறையும் போகும்.

ஆகவே மதிலை ஒட்டி இரண்டரை அடி அகலத்தை அதற்கே விட்டுவிடுங்கள். செம்மண் கிராவலைப் பரப்பித் தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டால் போதும். கூரான ஜல்லி வேண்டாம், பாதத்தைக் கிழிக்கும். அந்தப் பாதைக்கும் வீட்டுக்கும் இடையில்தான் செடிகள். அப்போது மதிலுக்கும் செடிக்கும் நடுவே நாய் ஓடுவது வீட்டிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. செடிக்கு மேலே வெள்ளை முதுகு ஒன்று போய்வருவது மட்டும் தெரியும். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். கேட்டிலிருந்து அடுக்களைக்குப் போகும் குறுக்குக் கோட்டையும் அழிக்காதீர்கள். அதில் பலகைக் கல் பதித்துவிட்டால் வீட்டுக்காரர்களுக்கும் அதுவே நடைபாதை. மனிதர் நடக்கும் குறுக்கு வழியும் பெரும்பாலும் அதே கோடாகத்தான் இருக்கும்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர். அந்தக் காலத்து வீடுகளில் வாசலுக்கு முன்னால் பெருக்கி மெழுகிய முற்றம் ஒன்று இருக்கும், செடிகொடி எல்லாம் முற்றத்தின் விளிம்பில்தான். நடுவில் மண்தரை வெறுமையாக இருப்பதால் பாம்பு வந்தால் கண்ணில் படும், பிள்ளைகள் ஓடுவார்கள், நாய் சுருண்டு படுக்கும். இப்போது எல்லையின் இரண்டு பக்கமும் முற்றம் முழுக்க இன்டர்லாக் கல் பதிக்கிறார்கள். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் அந்தக் கல்லில் பாதம் வெந்து தோல் உரிந்து வந்த நாய்களுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன். உங்கள் புறங்கையை ஏழு எண்ணும் வரை கல்லில் வைக்க முடியவில்லை என்றால் நாயாலும் அதில் நடக்க முடியாது. கார் நிற்கும் இடத்துக்கு மட்டும் கல் போடுங்கள், மீதி மண்ணாகவே இருக்கட்டும்.

கார் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ராஜபாளையம் இனத்தில் பிறவிச் செவிடு அங்கங்கே உண்டு. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை அது. நாய் உங்களைப் பார்க்காதபோது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். காது மடல் திரும்பவில்லை என்றால் கார் வரும் வழியையும் நாய் நடமாடும் இடத்தையும் தடுத்துச் சிறு கேட் வைத்தே ஆக வேண்டும். காது கேட்கும் என்றாலும் வைப்பது நல்லதுதான். மூக்கும் கண்ணிமை ஓரமும் இளஞ்சிவப்பாக இருப்பதால் வெயிலில் புண்ணாகும். நாள் முழுக்க ஏதாவது ஒரு மூலையில் அடர்ந்த நிழல் வேண்டும். இதற்கு நான் கண்ட நல்ல வழி மல்லிகைப் பந்தல். மேற்குப் பக்கம் இரும்புக் குழாயில் ஏழடி உயரப் பந்தல், அதன் கீழே ஒன்றரை அடி உயரத்தில் ஒரு திண்ணை. உயரமான இடத்தில் படுத்துக்கொண்டு தெருவைப் பார்ப்பது இந்த இனத்துக்குப் பிடிக்கும். சாயங்காலம் நீங்களும் அதே திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். மல்லிகையில் நாய்க்கு விஷம் இல்லை. ஒன்றே ஒன்று: திண்ணையை மதிலிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். இல்லையென்றால் அதிலிருந்து ஒரே தாவில் மதிலைத் தாண்டிவிடும்.

புல்தரைக்கு வருவோம். கருகிய வட்டத்தைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் கரும்பச்சையாகச் செழித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காரணம் சிறுநீர்தான். சிறுநீரில் உள்ள நைட்ரஜனும் உப்பும் நடுவில் அளவுக்கு மீறிப் போவதால் புல் கருகுகிறது, ஓரத்தில் அளவாக விழுவதால் அதுவே உரமாகிறது. யூரியாவை ஒரே இடத்தில் கொட்டினால் என்ன ஆகுமோ அதுதான். அமிலத்தால் கருகுகிறது என்பது தவறு. அதனால் தக்காளிச் சாறு கொடுப்பது, சோடா உப்பு கலந்து கொடுப்பது எல்லாம் வேண்டாம். சிறுநீர்க் கல், உப்புக் கோளாறு என்று நாய்க்குப் புதிய தொல்லைதான் வரும். பெட்டை நாய் உட்கார்ந்து ஒரே இடத்தில் முழுவதும் கழிப்பதால் வட்டம் தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான். உடனே அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் கருகாது. ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே வாளியோடு போக முடியாது என்பதால், பின்பக்கம் ஒரு மூலையில் ஆற்று மணல் பரப்பிய நாலடிக்கு நாலடி இடத்தைப் பழக்குங்கள். காலையில் எழுந்ததும் கயிற்றோடு அங்கே கூட்டிப் போய், கழித்ததும் ஒரு துண்டு தின்பண்டம். ஒன்றரை வயதில் மூன்று நாலு வாரத்தில் பழகிவிடும்.

அதன் பிறகும் புல் வேண்டும் என்றால் அளவைக் குறையுங்கள். முன்பக்கம் முழுவதும் புல்தரை போடும் ஆசையை விட்டுவிட்டு, வெயில் விழும் இடத்தில் ஒரு சென்ட்டில் மட்டும் அருகம்புல் வகையைப் போடுங்கள். மிதிபட்டாலும் ஓடு தண்டு விட்டுத் தானே மூடிக்கொள்ளும். நிழலில் அது வராது. எருமைப்புல் நிழலைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் இந்த இனத்து நாய் ஓடித் திரும்பும் இடத்தில் எந்தப் புல்லும் நிற்காது. அங்கே மண்தான்.

தோண்டும் பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. புதிதாக நட்ட செடியைப் பிடுங்கியது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். புதிதாகக் கிளறிய மண்ணின் வாசனை நாயை இழுக்கும். அதைவிட நட்டவர் போடும் எலும்புத் தூள் இன்னும் இழுக்கும். எலும்புத் தூளும் மீன் கழிவு உரமும் உங்கள் வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். மக்கிய சாணம் போதும். செடியை நட்டுத் தண்ணீர் விட்ட கையோடு தேங்காய் மட்டையைக் கவிழ்த்து வேரைச் சுற்றி அடுக்கி, மேலே நாலு கல் வையுங்கள், மூன்று மாதம் மூங்கில் தட்டி கட்டுங்கள். வேர் பிடித்த செடியை நாய் பிடுங்குவது அபூர்வம். நடுவதற்கு ஆனியில் சாரல் தொடங்கும் நேரம் நல்லது, ஆனால் ஆடிக் காற்று இளஞ்செடியைச் சாய்த்துவிடும். தட்டி அதற்கும் உதவும்.

இனிச் செடிகள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லாதவற்றை முதலில் சொல்கிறேன். அரளி, மஞ்சள் அரளி, நர்சரிகளில் குட்டித் தொட்டியில் விற்கும் அடினியம், மூன்றும் ஒரே குடும்பம், மூன்றும் இதயத்தைத் தாக்கும். இலை காய்ந்து சருகான பிறகும் விஷம் போகாது. சைக்கஸ் அதைவிட மோசம். கேட்டின் இரண்டு பக்கமும் ஜோடியாக வைக்கிறார்களே, அந்தக் குட்டையான பனை போன்ற செடி. மலையாளத்தில் ஈந்து என்று சொல்வதும் அதன் உறவுதான். ஈந்தங்காய் மாவில் பலகாரம் செய்வார்கள், ஆனால் அதை எத்தனை முறை ஊறவைத்து நஞ்சைக் கழித்துச் செய்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நாய் கொட்டையைக் கடித்தால் அன்றே வாந்தி, இரண்டு மூன்று நாளில் ஈரல் போய்விடும். ஒரு லாப்ரடார் குட்டியை இப்படி என் மேசையில் இழந்திருக்கிறேன். முதல் நாள் வாந்தி நின்றதும் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகித் திரும்பி வந்தது. அந்த வீட்டுப் பையன் அழுதது இன்றும் காதில் இருக்கிறது. அப்புறம் செங்காந்தள் கிழங்கு, ஊமத்தை, ஆமணக்கு விதை. ஊதா நிறத்தில் பூத்து மறுநாள் வெளுத்துப் போகும் "நேற்று இன்று நாளை" செடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வலிப்பு வரும். இவை எதுவும் உங்கள் மதிலுக்குள் இருக்கக் கூடாது.

அடுத்தது, உயிரை எடுக்காது ஆனால் வேதனை தரும் வகை. சேம்பு, அலங்காரச் சேம்பு, டைபென்பேக்கியா, மணி பிளாண்ட்: இவற்றைக் கடித்தால் ஊசிபோன்ற படிகங்கள் நாக்கில் குத்தி வாய் வீங்கும், எச்சில் ஒழுகும். கற்றாழை வயிற்றைக் கலக்கும். இவற்றை மாடியிலோ தொங்கும் தொட்டியிலோ வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்து முள்ளை நாய் ஓடும் பாதையில் வைக்காதீர்கள். முள் ஒரு பக்கம், அதன் பால் கண்ணில் பட்டால் இன்னொரு பக்கம்.

சந்தேகமானவையும் உண்டு. உண்ணிச் செடியை, அதாவது லாண்டானாவை, தின்று ஈரல் கெட்ட மாடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், நாயில் பார்த்ததில்லை; இருந்தாலும் காய் இருக்கும் செடியை நான் வைக்க மாட்டேன். குரோட்டன்ஸின் பால் தோலை எரிக்கும், ஆனால் கசப்பினால் நாய் ஒரு வாய்க்கு மேல் தின்பதில்லை என்பது என் அனுபவம். எலுமிச்சைப் புல் வைத்தால் உண்ணி வராது, பாம்பு வராது என்பதை நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம். பாம்புக்காகப் பாச்சை உருண்டை போடுவது அதைவிடத் தவறு. பாம்பு போகாது, நாய் தின்றால் ரத்தம் கெடும்.

தைரியமாக வைக்கக் கூடியவை ஏராளம். நம் பக்கம் இட்லிப் பூ என்றும் அந்தப் பக்கம் தெச்சி என்றும் சொல்லும் வெட்சி இருக்கிறதே, அதைத்தான் நாய்ப்பாதையின் உள்விளிம்பு முழுக்க வைக்கச் சொல்வேன். ஒரே நிறம், ஒரே வரிசை, அடிப்பகுதியில் ஒரு அடி கிளை கழித்துவிட்டால் பாம்பு ஒளியாது. கிளை வளைந்துகொடுக்கும், நாய் உரசினாலும் ஒடியாது. பின்னால் செம்பருத்தி, அதற்குப் பின்னால் அரேக்கா பாம் இரண்டு கொத்து. வருஷாவருஷம் மாற்றும் பூவுக்குக் காசித்தும்பை, ஜின்னியா, சூரியகாந்தி. மண் அரிக்கும் சரிவில் வெட்டிவேர். துளசி மாடம் வைப்பதில் தயக்கம் வேண்டாம். ரோஜாவில் விஷம் இல்லை, முள்தான் உண்டு, ஆகவே சிமெண்ட் உறைக்குள். கிணற்றுக்கு இறக்கும் உறையைப் பாதி உயரத்தில் வாங்கி மண் நிரப்பி மூன்று நாலு இடத்தில் வைத்தால் மென்மையான செடிகள் எல்லாம் அதற்குள் பிழைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு பூசி ஓரத்தில் காவிப் பட்டை போட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும். பத்து வகைச் செடி ஒவ்வொன்று என்று வைப்பதைவிட மூன்று வகையை முப்பது முப்பதாக வையுங்கள். ஒன்றிரண்டு மிதிபட்டாலும் வெற்றிடம் தெரியாது.

செடியைவிட அதிகமாக நாய்களை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது செடிக்குப் போடும் சாமான்தான். ஆமணக்குப் புண்ணாக்கை நாய் விரும்பித் தின்னும், அதில் விதையின் நஞ்சு அப்படியே மிச்சமிருக்கலாம். வாழைக்குப் போடும் குருணை மருந்து ஒரு கைப்பிடியில் கால்பங்கு போதும்: எச்சில், நடுக்கம், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குதல். ஆப்பிரிக்க நத்தைக்கு வைக்கும் நீலநிற வில்லைகள் கேரளப் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கின்றன. அதில் உள்ள மெட்டால்டிஹைட் வலிப்பைக் கொண்டுவரும். நத்தையை ராத்திரி முட்டைக்கோஸ் இலை வைத்துக் கூடவைத்து, கையுறை போட்டுப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். மாமரம் இருந்தால் விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்குங்கள். மாங்கொட்டை குடலில் அடைத்து அறுவை செய்த நாய்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு.

உண்ணிக்கு எல்லாரும் புல்லைக் குறை சொல்கிறார்கள். நாய்களில் நாம் அதிகம் பார்க்கும் பழுப்பு உண்ணி, ரத்தம் குடித்து முடித்ததும் கீழே விழுந்து சுவர் இடுக்கில் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. உங்கள் மதில் பூசாத வெட்டுக்கல் என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. பார்க்க அழகுதான். ஆனால் நாய் படுக்கும் பக்கம் மட்டுமாவது இடுக்குகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிடுங்கள். நாய்க்கு மருத்துவர் தரும் உண்ணி மருந்தும் கூடவே நடக்க வேண்டும், ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

குட்டைத் தண்ணீர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சாரல் மாதங்களில் தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல், அந்தப் பக்கம் எலிப்பனி என்பது இதைத்தான். நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். தாமரைத் தொட்டி வைப்பதென்றால் நாய் எட்டாத உயரத்தில் வையுங்கள், வருஷத் தடுப்பூசியில் அதற்கான ஊசியும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மணல் மூலையில் மலத்தை அன்றன்றே அள்ளிக் குழியில் போட்டு மூடுங்கள், காய்கறிப் பாத்தி உரத்தில் சேர்க்காதீர்கள். ஈர மணலில் கொக்கிப்புழு பெருகி வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைகளின் தோலில் ஏறும். மாதம் ஒரு முறை மணலை வெயிலில் புரட்டிக் காயவிடுங்கள்.

எப்போதாவது எதையாவது தின்றுவிட்டது என்று தோன்றினால் உப்புக் கரைத்துப் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே கொன்றுவிடும். தின்ற செடியின் கிளையை அல்லது மருந்தின் பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை மணிக்குத் தின்றது என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. படம் அனுப்பி என்னிடம் கேட்டால் நான் செடியின் பெயரைச் சொல்ல முடியும், நாயைத் தொட்டுப் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன்.

கடைசியாக, அம்மா பிள்ளையாருக்கு என்று வைத்த மஞ்சள் அரளியை எடுக்க வேண்டுமா என்று தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். எடுத்தே ஆக வேண்டும். அதன் காய் கீழே விழுந்து உருளும், நாய் அதைப் பந்து மாதிரி வாயில் கவ்விக்கொள்ளும். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லி, கையுறை போட்டு வேரோடு எடுங்கள். வெட்டிய கிளையை எரிக்காமல், நாய் தோண்டாத இடத்தில் மதிலுக்கு வெளியே ஆழமாகப் புதைத்துவிடுங்கள். உதிர்ந்த இலையையும் காயையும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பெருக்குங்கள். அதே இடத்தில் சிவப்புச் செம்பருத்தி ஒன்றை அம்மா கையாலேயே நடச் சொல்லுங்கள், அதுவும் பிள்ளையாருக்கு உகந்த பூதான். பதினைந்து நாள் பொறுக்கச் சொன்னது மற்றவற்றுக்கு. இந்த ஒரு வேலையை மட்டும் நாளைக்கே செய்துவிடுங்கள்.